நடுத்துண்டைத் திறக்கும் நேரம்

எண்ணூர் முகத்துவாரத்துக்கு அருகே இருந்த பழைய பாலத்தைப் பழுதுபார்க்க மூடியபோது, அக்கரைக் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்காக ஒரு மிதவைப் பாலம் போட்டார்கள். இரும்பு டிரம்களின் மேல் பலகை அடித்த பாலம். நடந்து போகலாம், சைக்கிளும் டூவீலரும் போகலாம். நடுத்துண்டை மட்டும் வின்ச் என்ற இழுவை எந்திரம் வைத்து ஒருபக்கமாக இழுத்தால் மீன்பிடிப் படகுகள் உள்ளே வர வழி கிடைக்கும். அந்த வின்ச்சை இயக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. நான் ராயபுரத்துக்காரன், அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். நான் மீனவனும் இல்லை, கம்பெனி ஆளும் இல்லை. அதனாலேயே இரண்டு தரப்புக்கும் என்மேல் சந்தேகம்.

எப்போது திறப்பது என்பதுதான் அன்றாடச் சண்டை. கம்பெனி ஷிஃப்ட் நேரம் மாறாது. தண்ணீர் ஏறும் நேரமோ தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போகும். முகத்துவாரத்தில் மணல் அடைத்துக் கிடந்ததால், தண்ணீர் ஏறியிருக்கும்போதுதான் படகுகள் தரைதட்டாமல் நுழைய முடியும். மாதத்தில் சில நாட்கள் இந்த இரண்டு நேரமும் ஒன்றாக வந்து நிற்கும். அதற்கு முந்தின சாயங்காலமே எனக்குச் சோறு இறங்காது. காலை ஷிஃப்ட் கூட்டம் கடந்த பிறகுதான் திறப்பது என்று பாலம் போட்ட ஒப்பந்தக்காரர் இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசி முடித்திருந்தார். மீனவர்கள் அரைமனதாக ஒத்துக்கொண்டிருந்தார்கள்.

அப்படி ஒரு காலை. வாடைக்காற்று பலமாக இருந்தது. பலகைகள் தடதடக்கக் கூட்டம் போய்க்கொண்டிருந்தபோது, படகு முதலாளி ஒருவர் கரையோரமாக ஓடி வந்தார். மூச்சு வாங்கியதில் அவருக்குப் பேச்சே சரியாக வரவில்லை.

"நைனா, என் போட்டு இஞ்சின் நின்னு போச்சு. இன்னொரு போட்டு கயிறு கட்டி இஸ்துகினு வருது. முகத்துவாரத்துல நின்னா அலை கவுத்துடும். இப்பவே தொற."

இது திறக்கிற நேரம் இல்லையே என்று பழக்கத்தில் சொல்லிவிட்டேன். அவர் வாதாடவில்லை, கையை மட்டும் நீட்டினார். இரண்டு படகுகள், நடுவில் ஒரு கயிறு. அலைக்குப் பின்னால் மறைந்து மறைந்து தெரிந்தன. முகத்துவாரத்துக்குள் நுழைந்துவிட்டால் ஏறும் தண்ணீரே அவற்றைத் தள்ளிக்கொண்டு வரும், பின்னால் வரும் படகை நிறுத்த வழி இல்லை. நான் திறக்காவிட்டால் நேராகப் பாலத்தில்தான் வந்து மோதும். பாலத்தின் மேல் ஜனம்.

விசில் ஊதி, நடுத்துண்டுக்கு முன்னால் குறுக்கே சங்கிலியை இழுத்து மாட்டினேன். கூட்டம் கத்தியது. பாலத்தில் இருந்தவர்கள் வேகமாக அக்கரை ஏறினார்கள். ஒரு பெண் மட்டும் சங்கிலியைத் தூக்கிவிட்டு ஸ்கூட்டரை உள்ளே தள்ளி வந்து, முன்சக்கரத்தை நடுத்துண்டின் மேல் ஏற்றி நின்றாள். ஒரு கம்பெனி கேன்டீனில் ஒப்பந்த வேலை செய்பவள். தினமும் என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போவாள். ஏற்கெனவே பாலத்தால் இரண்டு நாள் தாமதமாகிவிட்டதாகவும், இன்னொரு முறை ஆனால் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டதாகவும் படபடவென்று சொன்னாள். தான் போன பிறகு திறந்துகொள்ளச் சொன்னாள்.

அவள் பின்னால் இன்னும் பலர் சங்கிலியில் கை வைத்திருந்தார்கள். ஒருத்தியை விட்டால் எல்லோரும் வருவார்கள். ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு முன்னால் நின்றேன்.

"போட்டுன்னா ஒடனே தொறக்குற. எங்களுக்கு இன்னா கீது?" என்றாள். நான் பிடியை விடவில்லை.

படகு முதலாளி என்னைத் தாண்டி அவளிடம் போனார். "யம்மா, அந்த போட்டுல என் மவன் கீறான். வண்டிய பின்னால எடு. உன்ன நான் அக்கரைல வுடுறேன்."

அவள் கடலைப் பார்த்தாள். பிறகு ஸ்கூட்டரைப் பின்னால் இழுத்தாள்.

வின்ச் மோட்டார் இரண்டு முறை உறுமி நின்று, அப்புறம்தான் பிடித்தது. நடுத்துண்டு அசைந்து அசைந்து விலகியது. முன்படகு இடைவெளியில் புகுந்தபோது அதில் இருந்தவர்களின் முகம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. பின்படகு டிரம்களை உரசிக்கொண்டு போன சத்தத்தில் பாலம் முழுக்க நடுங்கியது. அந்தப் படகுக்குள் ஓர் இளைஞன் முழங்கால் தண்ணீரில் நின்று இறைத்துக்கொண்டே இருந்தான். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மகன் கரைசேர்ந்ததைப் பார்த்ததும் முதலாளி வேறொரு ஃபைபர் படகை அவிழ்த்து, ஸ்கூட்டரை இக்கரையிலேயே விட்ட அவளையும் இன்னும் சிலரையும் அக்கரைக்குக் கொண்டுபோனார். நான் பாலத்தை மூடினேன். கடந்துபோனவர்கள் என்னைத் திட்டிக்கொண்டே போனார்கள்.

சாயங்காலம் ஸ்கூட்டரை எடுக்க அவள் நடந்து வந்தாள். தாமதம் என்று கம்பெனி கேட்டிலேயே நிறுத்திவிட்டார்களாம். விஷயம் தெரிந்து முதலாளியும் நாலைந்து மீனவர்களும் போய்ப் பேசியிருக்கிறார்கள். அதுவரை வெளியிலேயே உட்கார்ந்திருந்தாளாம்.

"நாளைக்கு வரச் சொல்லிக்கீறாங்க" என்றாள். நாளைக்கு எப்போது திறப்பேன் என்று கேட்டாள். சொன்னேன். தலையசைக்காமல் வண்டியைக் கிளப்பினாள்.

அதன் பிறகு நேரம் மோதும் நாட்களில் மீனவர்களே ஒரு படகை நிறுத்தி, அவசரக்காரர்களை ஏற்றிக் கடத்திவிட்டார்கள். கம்பெனிகள் ஒரு நிமிடம்கூட விட்டுக்கொடுக்கவில்லை. பழைய பாலம் திறக்கும்வரை சண்டையும் ஓயவில்லை. அந்தப் பெண் அந்தப் படகில் ஒருநாளும் ஏறவில்லை. அத்தகைய நாட்களில் இருட்டோடு இருட்டாக, யாரும் வருவதற்கு முன்பே பாலத்தைக் கடந்து போய்விடுவாள்.