நாலு பங்கு உண்ணி மருந்து

போன சனிக்கிழமை எங்கள் வீட்டுச் சீமாட்டியைத் தூக்கிக்கொண்டு கண்டியில் ஒரு மிருக வைத்தியரிடம் போனேன். சீமாட்டி என்பது நாய். நாலு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. புதுச் சவர்க்காரம் போட்டுக் குளிப்பாட்டினால் வயிறு சிவக்கும். பிஸ்கட்டை மாற்றினால் வாந்தி வரும். மழைச் சத்தம் கேட்டால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துவிடுவாள். கண்டியில் எவ்வளவு மழை பெய்யும் என்று உங்களுக்குத் தெரியும், ஆகவே அவளுடைய பாதி வாழ்க்கை கட்டிலுக்கு அடியில்தான் கழிகிறது.

உண்ணிக்கும் தெள்ளுக்கும் ஏதாவது மருந்து வேண்டும் என்றேன். டொக்டர் பிள்ளை யாழ்ப்பாணத்துக்காரி, சின்ன வயது. சீமாட்டியை நிறுத்துப் பார்த்தாள். வயது கேட்டாள். எப்போதாவது வலிப்பு வந்ததா, வீட்டில் பூனை இருக்கிறதா, பூனையும் நாயும் ஒன்றையொன்று நக்குமா, வேறு மருந்து ஏதும் கொடுக்கிறீர்களா என்று வரிசையாகக் கேட்டாள். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட இவ்வளவு கேட்கவில்லை. விழுங்கக் கொடுக்கிற குளிசையா, பிடரியில் விடுகிற சொட்டு மருந்தா, கழுத்துப் பட்டியா என்று யோசித்துவிட்டுக் கடைசியாக, "முந்தி ஏதும் மருந்து ஒத்துவராமல் போனதோ, அன்ரி?" என்றாள்.

அன்ரி என்றதை மன்னித்துவிட்டு, "இவளுக்கு இல்லை" என்றேன். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து மேசையில் யாரோ ஒரு பெரிய நாயின் பிடரியில் சொட்டு மருந்தை விட்டார்கள். ஸ்பிரிட்டும் மலிவு சென்ட்டும் கலந்த மாதிரி ஒரு வாசனை வந்தது. சீமாட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். நாய் யாருடையது என்றுகூட நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த வாசனை முதலில் என் மூக்கில் ஏறிப் பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். எனக்கு முதல் வேலை, மடுல்கெல்லப் பக்கம் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிற வேலை. நான் கம்பளை டவுன்காரி. மலை என்றால் ரயில் ஜன்னலில் பார்ப்பது என்று நினைத்துக்கொண்டிருந்தவள். பள்ளிக்கூடத்துக்கு மேலே தோட்டத் தொழிலாளர்களுக்கென்று நாலே நாலு வீடுகளை வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒரு குட்டி லயம் இருந்தது. அதில் கடைசி வீட்டில், செல்வி அக்காவிடம் ஒரு அறை வாடகைக்குக் கிடைத்தது. அக்கா கொழுந்தெடுக்கிறவர், புருஷன் இல்லை, ஒரே மகள் ரேவதி குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்தாள்.

அந்த லயத்தில் மனிதர்களை விட உண்ணிகள் அதிகம். நாலு வீட்டுக்கும் நாலு நாய். மூன்று, ஆளைக் கவிழ்க்கிற மாதிரி வளர்ந்த காவல் நாய்கள். நாய்களிடம் இடம் போதாமல் உண்ணிகள் சுவரில் ஏறும், தலையணையில் ஏறும். ஒருமுறை என் பாடக் குறிப்புக் கொப்பியிலிருந்து ஒன்று புறப்பட்டு, மேற்பார்வைக்கு வந்திருந்த அதிகாரியின் வெள்ளைச் சட்டைக் கை வழியாக உள்ளே போனது. சொல்லலாமா வேண்டாமா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் அவர் என் கற்பித்தல் மிகவும் திருப்தி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். நான் கொப்பியை மூடிக்கொண்டேன். அந்த மனிதரின் வீட்டில் அன்று என்ன நடந்தது என்று இன்றுவரை தெரியாது.

நாலாவது நாய்தான் செல்வி அக்காவுடையது. பெயர் தொரை. தோட்டத்தில் தொரை என்றால் மானேஜர். நாள் முழுக்கப் படியில் படுத்துக்கொண்டு மற்றவர்கள் வேலை செய்வதைப் பார்க்கிறதே என்று ரேவதி வைத்த பெயர். ஒருநாள் மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருக்கும்போது அக்கா பக்கத்து நிரைக்காரியிடம், தொரைக்கு இரண்டு நாளாகப் பேதி, கஞ்சி காய்ச்சிக் கொடுத்தேன் என்று சொல்ல, அதைக் கேட்ட மேற்பார்வைக் கங்காணி பதறிப்போய் மானேஜர் பங்களாவுக்கு விசாரிக்கப் போனார் என்று ஒரு கதை உண்டு. உண்மையா என்று கேட்காதீர்கள், எனக்கு நம்ப விருப்பம்.

பெயருக்கேற்ற சொகுசு உடம்பும்கூட. முயல் அளவு உருவம், எதுவும் ஒத்துக்கொள்ளாத வயிறு, தொட்டால் சிவக்கிற தோல். ஆனால் அக்காவுக்கு அது உயிர். ரேவதி குவைத்துக்குப் போகும்போது இதை மட்டும் பத்திரமாகப் பார்த்துக்கொள் என்று தாயின் கையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். ஞாயிறு நாலு மணிக்கு வீடியோ கோல் வரும். முதலில் தொரையைக் காட்ட வேண்டும். அது காதை ஆட்டி, கொட்டாவி விட்டு, போனை மோந்து முடித்த பிறகுதான் தாயின் முறை. பெத்த தாயைவிட நாய் பெரிதாகிவிட்டது என்று அக்கா முணுமுணுத்துக்கொண்டே ஞாயிறு காலை அதற்குத் தலை சீவிவிடுவார்.

இனி என் பெருமைக்கு வருகிறேன். அந்த லயத்தில் எதை வாங்கினாலும் சேர்ந்து வாங்கிப் பங்கு போடுவார்கள். தீபாவளி ஆடு, வெங்காய மூட்டை, தேங்காய் எண்ணெய், எல்லாம் நாலு பங்கு. நாலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். எந்த வீட்டில் ஆறு பேர், எந்த வீட்டில் ஒருத்தி என்று யாரும் கேட்கமாட்டார்கள். கேட்டால் சண்டை வரும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஊருக்குப் புதியவள், யார் பக்கமும் சாயாதவள், அதோடு கணக்கு டீச்சர் என்பதால் பங்கு போடுகிற வேலை என்னிடம் வந்தது. நான் ஈரலைக்கூட நாலாக வெட்டுவேன். நாலு பேரும் சுற்றி நின்று என் கையைப் பார்ப்பார்கள். ஒரு நாள்கூட யாரும் தன் பங்கைத் தூக்கிப் பார்த்து முகம் சுளித்ததில்லை. பள்ளிக்கூடத்தில் கிடைக்காத மரியாதை அது.

உண்ணித் தொல்லை தாங்காமல், நல்ல மருந்தாகப் பார்த்து வாங்கி வரச் சொல்லி என்னை வத்தேகமை டவுனுக்கு அனுப்பினார்கள். அங்கே விவசாய மருந்துக் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா ஒருவரிடம் நாய் மருந்தும் இருக்கும். நானா தொழுகைக்காரர், நாயைத் தொடமாட்டார். ஆனால் மருந்துப் பெட்டியில் உள்ளதை ஒரு எழுத்து விடாமல் வாசித்து வைத்திருப்பார். பெரிய நாய்க்கான குழாய் ஒன்று போதும், நாலாகப் பிரித்துக்கொள்கிறோம் என்றேன். அவர் கொடுக்கத் தயங்கினார்.

"டீச்சர், நெறைக்குத்தான் மருந்து, கிலோக் கணக்குக்கு. பங்கு போட்டு ஊத்துற சாமான் இல்ல இது" என்றார்.

சின்ன நாய்க்குத் தனிக் குழாய் இருக்கிறது, அதை வாங்குங்கள் என்றும் சொன்னார். நான் கேட்கவில்லை. இவர் யார் எனக்குக் கணக்குச் சொல்ல என்று ஒரு எண்ணம். பெரிய நாயின் மருந்தை நாலாகப் பிரித்தால் குறைவுதானே, குறைவு எப்படிக் கெடுதலாகும்? அந்த வாரம் ஏழாம் வகுப்புக்கு நான் படிப்பித்துக்கொண்டிருந்த பாடம் விகிதம். நினைத்தால் இப்போதும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

ஞாயிறு பகல் சாப்பாடு முடிந்ததும் நாலு வீட்டாரும் நாய்களோடு வந்தார்கள். ஊசியில்லாத சிரிஞ்சில் மருந்தை இழுத்து, கோடு பார்த்து, நாலு சம பங்கு. தொரைக்குக் கொஞ்சம் குறைக்கலாமோ என்று ஒரு கணம் நினைத்தேன். செல்வி அக்கா பக்கத்தில் நின்றார். அவருக்கு மட்டும் குறைவான பங்கா? கை வரவில்லை. முயல் அளவு நாய்க்கும் கன்றுக்குட்டி அளவு நாய்க்கும் ஒரே அளவு விட்டேன். நீதி தவறாத டீச்சர் என்று யாரோ சிரித்தார்கள், எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

மூன்று மணி ஆவதற்குள் தொரையின் வாயிலிருந்து நுரை ஒழுகத் தொடங்கியது. பிறகு பின்கால் நடுக்கம். பிறகு உடம்பு முழுக்க. மற்ற மூன்றும் வாலை ஆட்டிக்கொண்டு நின்றன. ஒரு வீட்டில் பால் கொடு என்றார்கள், இன்னொரு வீட்டில் தேங்காய் எண்ணெய் பூசு என்றார்கள். நான் நானாவுக்குப் போன் எடுத்தேன். அவர் என்னைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பாலும் வேண்டாம் எண்ணெயும் வேண்டாம், கோப்பை கழுவுகிற சோப் போட்டு இளஞ்சூட்டுத் தண்ணீரில் கழுவுங்கள், துடைத்துச் சுற்றிக்கொண்டு உடனே வாருங்கள், பெட்டியைக் கொண்டுவர மறக்க வேண்டாம் என்றார்.

த்ரீவீலில் அக்காவின் மடியில் துவாய்க்குள் தொரை வெட்டி வெட்டி இழுத்தது. அக்கா அழவில்லை. "எம் புள்ளைக்கு நான் என்னா பதில் சொல்லுவேன்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார், என்னைப் பார்த்து அல்ல, வெளியே தேயிலையைப் பார்த்து. பாதி வழியில் போன் அடித்தது. நாலு மணி. அக்கா துவாயின் ஓரத்தால் நாயை மூடி, போனைத் தன் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"தொரை தூங்குறாரு, புள்ள. சத்தம் போடாத, எழும்பிருவாரு."

அப்புறம் சாப்பிட்டாயா, கால் வீக்கம் எப்படி, மேடம் ஏசினாளா என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். குரல் ஆடவேயில்லை. ரேவதி அன்றுதான் முதல் தடவை நாயைப் பார்க்காமல் தாயைப் பார்த்துப் பேசினாள். போனை வைத்ததும் ஏன் சொல்லவில்லை என்று நான் முட்டாள்தனமாகக் கேட்டேன்.

"சொன்னா அந்தப் புள்ள அங்க இருந்து என்னா செய்யும், டீச்சர்? அழத்தான் முடியும்."

வத்தேகமையில் நானா கடை வாசலிலேயே நின்றார். மிருக வைத்தியரிடம் ஏற்கனவே பேசி வைத்திருந்தார். வைத்தியர் ஊசியைத் தயார் பண்ண நிறை கேட்டிருக்கிறார். ஆகவே தொரை முதலில் உரம் நிறுக்கிற தராசுத் தட்டில் ஏறியது. மூன்று கிலோ எண்ணூறு. தட்டு முழுக்க எச்சில். நானாவின் மார்க்கத்தில் நாயின் எச்சில் பட்ட பாத்திரத்தை ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண்ணால். அது எனக்கும் தெரியும், அதனால் மன்னிப்புக் கேட்டேன். "மண்ணும் இரிக்கு, தண்ணியும் இரிக்கு, நீங்க போங்க" என்று நிறை எழுதிய துண்டைக் கையில் திணித்துவிட்டு, தட்டைக் கழுவ இடுப்புச் சாரத்தைத் தூக்கிக் கட்டினார்.

வைத்தியர் சிங்களவர். ஊசி போட்டு, மேசையில் வைத்துச் சூடாகச் சுற்றி, பொழுது சாயும்வரை பக்கத்திலேயே இருந்தார். மருந்துப் பெட்டியைப் பார்த்துவிட்டு, நாலில் ஒரு பங்கே இந்த உடம்புக்கு அளவுக்கு மேலே, அதோடு சின்ன நாய்க்கென்று செய்யாத மருந்தை அதற்குப் போடவே கூடாது என்றார். யார் அளந்தது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா, வீட்டில் எல்லாருமாகச் சேர்ந்து அளந்தோம் என்று தன் உடைந்த சிங்களத்தில் சொன்னார். அங்கேதான் எனக்கு அழுகை வந்தது. தொரை ஆறு மணிவாக்கில் தலையைத் தூக்கி எல்லாரையும் அருவருப்போடு ஒரு பார்வை பார்த்தது. அந்தப் பார்வையைக் கண்டதும் பிழைத்துவிட்டது என்று எங்களுக்கு விளங்கியது.

அக்கா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த மாதம் தானே வத்தேகமைக்குப் போய்ச் சின்ன நாய்க்கான குழாய் ஒன்றை வாங்கி வந்து அலுமாரியில் வைத்துக்கொண்டார். மற்ற வீட்டாரும் தங்கள் தங்கள் நாய்க்குத் தனித்தனியாக வாங்கினார்கள். அதுதான் சரியும்கூட. தீபாவளி வந்தபோது நான் வழக்கம்போலக் கத்தியைத் தீட்டி வைத்தேன். அக்கா எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "நீங்க இருங்க, டீச்சர். இந்தத் தடவ ஆளாளுக்குக் கடையிலயே வாங்கிக்கிறோம்" என்றார். மிகவும் அன்பாகத்தான் சொன்னார்.

சீமாட்டிக்கு நாலு கிலோச் சொச்சத்துக்கென்றே செய்த குளிசை ஒன்றை டொக்டர் பிள்ளை தந்தாள். உடைக்கக் கூடாது, பிரிக்கக் கூடாது என்று இரண்டு தரம் சொன்னாள். நல்ல பிள்ளை. நானும் இரண்டு தரம் சரி என்றேன்.

அந்த லயம் இப்போது இல்லை. தள்ளித் தள்ளித் தனி வீடுகள் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள், நல்ல வீடுகள், தண்ணீர்க் குழாயும் உண்டு. தொரை வயதாகித்தான் செத்தது, ரேவதி திரும்பி வந்து அவள் மடியில். மற்ற மூன்று வீட்டாரில் இரண்டு பேர் கொழும்புக்குப் போய்விட்டார்கள். இதற்கெல்லாம் காலம், அரசாங்கம், சம்பளம் என்று எத்தனையோ காரணம் சொல்லலாம். ஆனால் பங்கு நின்றது அதற்கெல்லாம் முந்தி. அதற்குப் பிறகு நான் அங்கே இருந்த மூன்று வருடத்தில் ஒரு வெங்காயத்தைக்கூடப் பங்கு போடச் சொல்லி யாரும் என்னிடம் வரவில்லை.