எல்லாக் கிரகத்திலும் ஒரே முகம்

அந்தச் சலூனின் பெயர்ப்பலகையில் என்னவோ ஒரு பெயர் இருக்கிறது. அதை யாரும் படித்ததில்லை. தெருவில் எல்லாருக்கும் அது தட்டுக் கடை, கடைக்காரர் தட்டு. பறக்கும் தட்டு என்று முழுசாகக் கூப்பிட யாருக்கும் பொறுமை இல்லாததால் சுருங்கிப்போன பெயர். வேற்றுக்கிரகத்திலிருந்து ஆள் வந்து இறங்குகிற படம் எந்த மொழியில் வந்தாலும் அவர் பார்த்துவிடுவார். பார்த்ததை, நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்குச் சொல்லியும் விடுவார். கழுத்தில் துணி கட்டிய பிறகு யார் எழுந்து ஓட முடியும்?

சும்மா சொல்லக்கூடாது, மனிதர் கதை சொல்வதில் மன்னன். பிடித்த படங்களுக்கு அவரிடம் ஒரு வரிசை உண்டு. அது மாதாமாதம் மாறும், மாறும்போதெல்லாம் பெஞ்சில் காத்திருப்பவர்களுக்குள் சண்டை வரும். நடுச் சாலையில் கப்பல் இறங்கிப் போக்குவரத்தே நின்றுபோகிற படம் பெரிதா, ஒரு குடும்பத்தின் ஃபிரிட்ஜுக்குள் குடியேறி முட்டையாகத் தின்று தீர்க்கிற விருந்தாளியின் படம் பெரிதா என்று ஓய்வுபெற்ற கண்டக்டரும் மருந்துக்கடைக்காரரும் ஒருமுறை சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். இருவருமே இரண்டு படத்தையும் பார்த்ததில்லை.

வந்தவனின் முகம்தான் படம் என்பது தட்டுவின் கட்சி. "கப்பல் எப்படி வேணா இருக்கட்டும் சார். கதவு திறக்குது, புகை வருது, புகைக்குள்ள இருந்து ஒரு முகம் வருது பாருங்க, அங்கதான் படமே இருக்கு" என்பார். பிறகு கத்தரியை நிறுத்திவிட்டு, கண்ணாடியில் ஆளின் கண்ணைப் பார்த்துக்கொண்டே விவரிப்பார். "ஏறின நெத்தி. ரெண்டு கண்ணுக்கும் நடுவுல இன்னொரு கண்ணை வைக்கலாம், அவ்வளவு இடம். மூக்குன்னு பேருக்கு ஒரு மேடு. வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி சுண்டு விரலைத் தூக்கும். அது தூக்கிருச்சுன்னா யாருக்கோ நேரம் சரியில்லைன்னு அர்த்தம்."

கேட்பவர்களுக்கு உடம்பு சிலிர்க்கும். எல்லாப் படத்திலும் ஏன் அதே நெற்றி என்று ஒருவரும் கேட்டதில்லை. அந்தப் பக்கத்தில் எல்லாரும் அப்படித்தான் இருப்பார்கள் போலிருக்கிறது என்று விட்டுவிட்டார்கள். முன்பெல்லாம் அந்த முகம் ஊரைக் கொளுத்தும். சமீபகாலமாக ஊரைக் காப்பாற்ற ஆரம்பித்திருந்தது. "இப்பல்லாம் நல்ல படமா எடுக்கிறாங்க" என்று கண்டக்டர் திருப்திப்பட்டுக்கொண்டார்.

இதில் ஒரு ரகசியம் உண்டு. அந்த முகங்களில் ஒன்றைக்கூடத் தட்டு பார்த்ததில்லை.

அடுத்தவர் தொண்டையில் சவரக் கத்தியை வைத்துக் கை நடுங்காமல் இழுக்கிறவர் அவர். ஆனால் கப்பலின் கதவு திறந்து புகை வந்தால் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார். சிறுவயதில் முதல் படத்துக்கு அக்கா கூட்டிக்கொண்டு போனாள். கதவு திறந்ததும் தன் உள்ளங்கையால் அவர் கண்ணைப் பொத்தினாள். வீடு வந்து சேரும்வரை, வந்தவன் எப்படி இருந்தான், எப்படி முழித்தான் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அன்றைக்கு மூடிய கண்தான். கல்யாணம் ஆகும்வரை அக்கா சொன்னாள், ஆனபிறகு அந்தப் பொறுப்பு மனைவியின் தலையில் விழுந்தது.

மனைவிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கண்ணுக்குக் கண் எவ்வளவு தூரம், இந்த மூக்கில் ஃபிரேம் நிற்குமா வழுக்குமா என்று நாள் முழுக்க முகங்களை அளப்பவள். அவள் ஒரு முகத்தைச் சொன்னால் போலீஸ்காரர்கள் அதை வைத்து ஆளைப் பிடித்துவிடலாம். விடுமுறை நாள் மதியத்தில் இருவரும் சோபாவில் உட்கார்ந்து படம் பார்ப்பார்கள். "வந்துட்டானா?" என்பார் இவர், கண்ணை மூடியபடி. "வந்துட்டான்" என்று அவள் நகம் வெட்டிக்கொண்டே முகத்தையும் அது செய்வதையும் ஒவ்வொன்றாகச் சொல்வாள். மறுநாள் அது கடைக்கு வந்துவிடும்.

இந்த மனைவிக்கும் அந்த அக்காவுக்கும் பேச்சுவார்த்தை நின்று வருஷக்கணக்காகிறது. காரணம் ஒரு திரைச்சீலை. புது வீட்டைப் பார்க்க வந்த அக்கா, ஜன்னலைப் பார்த்து, "ஏம்மா, இது ஆஸ்பத்திரியில மிச்சமானதா?" என்று கேட்டாள். மனைவி அதற்கு ஒரு பதில் சொன்னாள். அந்தப் பதிலை இங்கே எழுத முடியாது. அக்கா அப்படியே செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

போன வாரம் அக்கா போன் செய்தாள். "டாக்டர்கிட்ட பல்லைக் காட்ட உங்க ஊருக்கு வர்றேன்டா. நேரா கடைக்கு வர்றேன். அவ அங்க வந்து வாயைத் திறந்து வாங்கன்னு கூப்பிட்டா வீட்டுக்கு வருவேன். இல்லைன்னா இதோட சரி. தம்பிய கடை வாசல்ல வச்சுப் பாத்துட்டுப் போற பொழைப்பு இனிமே எனக்கு வேணாம்."

விஷயத்தைக் கேட்ட மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். கெஞ்சிக் கூத்தாடிய பிறகு, "வேலை முடிஞ்சு கடைக்கு வர்றேன். கூப்பிடறேனா இல்லையான்னு அங்க வந்தாத்தான் எனக்கே தெரியும்" என்றாள். இந்த இரண்டு பேரையும் ஒரே சோபாவில் பார்க்காமலே காலம் போய்விடுமோ என்பதுதான் தட்டுவின் உண்மையான பயம்.

அந்த நாளும் வந்தது. பயத்தை மறக்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி கதை சொல்வது. நாற்காலியில் கண்டக்டர், தலையில் ஒரு பக்கம் மட்டும் முடிந்திருந்தது. பெஞ்சில் மருந்துக்கடைக்காரரும் இன்னும் இரண்டு பேரும் இருந்தார்கள். "கதவு திறக்குது சார். புகை. புகைக்குள்ள ஏறின நெத்தி ஒண்ணு வருது…"

வெளியே ஒரு பழைய வேன் உறுமிக் கிளம்பியது. கடைக் கதவு திறந்தது. வேன் விட்ட புகையோடு சேர்ந்து அக்கா உள்ளே வந்தாள். ஏறிய நெற்றி. விலகி நின்ற கண்கள். நுனிவரை வழுக்கி வந்துவிட்ட கண்ணாடி. நின்று, சுற்றிப் பார்த்து, சுண்டு விரலைத் தூக்கினாள்.

"இன்னும் அதே ஓட்டை ஃபேன்தானாடா?"

கண்ணாடியில் அவளைப் பார்த்த கண்டக்டர் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். "தட்டு… வந்துட்டாங்கய்யா."

"யாரு வந்துட்டாங்க?" என்றாள் அக்கா.

மருந்துக்கடைக்காரர் நல்ல மனிதர், அதுதான் வினை. எழுந்து இடம் கொடுத்து, நெற்றியிலிருந்து சுண்டு விரல்வரை ஒன்றுவிடாமல் விளக்கினார். "அச்சு அசலா நீங்கதாம்மா. எத்தனை கிரகத்துலருந்து வந்தாலும் நீங்கதான்."

தட்டுவின் முகத்தில் ஈயாடவில்லை. பிறந்ததிலிருந்து பார்த்த முகம் ஒன்று, வாயால் ஆயிரம் தடவை சொன்ன முகம் ஒன்று. இரண்டும் ஒன்றுதான் என்பது அந்த நிமிஷத்தில்தான் அவருக்கு உறைத்தது. நகம் வெட்டிக்கொண்டே மனைவி செய்திருந்த வேலையும் உறைத்தது.

"இதை உனக்கு யாருடா சொன்னது?"

"நானே பாத்தேன்க்கா."

"நீயா? கதவு திறந்தாலே கண்ணை மூடிக்கிறவனாச்சே நீ!"

பெஞ்சிலிருந்து ஒரு பெருமூச்சு கிளம்பியது. அத்தனை வருஷத்துப் புகழும் தரையில் கிடந்த முடியோடு போய்ச் சேர்ந்தது. அப்போது பார்த்துத்தான் கதவருகே தோளில் கைப்பையோடு மனைவி நின்றுகொண்டிருந்ததை அவர் கவனித்தார். எப்போது வந்தாளோ தெரியாது. "சத்தியமா நானே பாத்தேன்க்கா" என்று அசடு வழிய இன்னும் சத்தமாகச் சொன்னார்.

மனைவி உள்ளே வந்தாள். "அவர் பாக்கலை. நான்தான் சொன்னேன்."

கண்டக்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

"நெத்தி?" என்றாள் அக்கா.

"உங்க நெத்திதான் அண்ணி."

"மூக்கு?"

"ஃபிரேம் நிக்காத மூக்குன்னு சொன்னேன்."

அக்கா கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டாள். அது மறுபடி வழுக்கியது. சுண்டு விரலைத் தூக்கி, "சரி, அது நல்லதா கெட்டதா?" என்று கேட்டாள்.

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். பதில் நாற்காலியிலிருந்து வந்தது. "முன்னாடியெல்லாம் கெட்டதும்மா, பொய் சொல்லக்கூடாது. ஊரையே கொளுத்தும். இப்ப கொஞ்ச நாளா நல்லதாயிடுச்சு. போன படத்துல அணைக்கட்டு உடையாம கையால தாங்கிப் பிடிச்சுச்சு. எனக்கே அழுகை வந்துடுச்சு."

அக்கா மனைவியைத்தான் பார்த்தாள். "எப்பலருந்து நல்லதாச்சு?"

"உங்களுக்கு ஆபரேஷன்னு கேள்விப்பட்டதுலருந்து" என்றாள் மனைவி. "வந்து பாக்கணும்னுதான் இருந்துச்சு அண்ணி. பாழாப்போன வீம்பு விடலை. வாங்க, வீட்டுக்குப் போலாம்."

"அந்தத் திரைச்சீலையை மாத்தியாச்சா?"

"இல்லை."

"பரவாயில்லை, வர்றேன்" என்றாள் அக்கா. பாதித் தலையோடு இருந்த கண்டக்டரைத் தட்டு அன்றைக்கு எப்படி முடித்தார் என்று கேட்கக்கூடாது. அவர் இரண்டு வாரம் தொப்பியோடு திரிந்தார், ஆனால் கோபப்படவில்லை.

சாயங்காலம் சோபாவில் மூன்று பேர் உட்கார்ந்தார்கள், மனைவி நடுவில். படம் ஓடியது. கப்பல் இறங்கியது, கதவு திறந்தது. தட்டு கண்ணை மூடிக்கொண்டு, "வந்துட்டானா?" என்றார். பதிலுக்கு மனைவி சிரிக்கிற சத்தம் கேட்டது.

"அண்ணி, நீங்களுமா கண்ணை மூடிக்கிட்டீங்க?"

"நான் என்னிக்குப் பாத்தேன்?" என்றாள் அக்கா. "ஒரு கையால அவன் கண்ணைப் பொத்துவேன், இன்னொரு கையால என் கண்ணைப் பொத்திக்குவேன்."

"அப்ப எனக்குச் சொன்னதெல்லாம்?" என்று தட்டு அலறினார்.

"நம்ம பெரியப்பா மூஞ்சிடா. அவரை எனக்குப் புடிக்காது. சரி, நீ சொல்லும்மா, இப்ப எப்படி இருக்கு?"

மனைவி கொஞ்சம் யோசித்தாள். "வாசல்ல நிக்குது அண்ணி. ஏறின நெத்தி. கண்ணாடி வழுக்குது. உள்ள கூப்பிடுவாங்களா மாட்டாங்களான்னு பாத்துக்கிட்டு நிக்குது."

தட்டு வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு கண்ணை லேசாகத் திறந்தார். திரையில் முகமே இல்லாத ஏதோ ஒரு கூழ், ஒரு பாலத்தை மென்று தின்றுகொண்டிருந்தது. சோபாவில் மனைவி அக்காவின் கையைப் பிடித்திருந்தாள்.

"கூப்பிட்டாங்களா?" என்றாள் அக்கா, கண்ணைத் திறக்காமல்.

"கூப்பிட்டுட்டாங்க. லேட்டாத்தான் கூப்பிட்டாங்க."

தட்டு அவசரமாகக் கண்ணை மூடிக்கொண்டார். "நல்ல படம்" என்றார்.