வைக்கோல்போரைப் பார்த்தால் போதும்

தஞ்சைப் பக்கம் குத்தகை வழக்குகள் மலிந்திருந்த காலம். நிலப் பிரச்சினைகளை ஆராயும் நிறுவனம் ஒன்றில் ஆய்வாளர் வேலைக்கு விண்ணப்பித்தேன். தனித்தகுதி என்ற இடத்தில், "அப்பா குத்தகைதாரர். நிலத்துக்காரர் என் தாய்மாமன். விளைச்சலை அப்பா குறைத்துச் சொல்வதும் மாமா கூட்டிச் சொல்வதும் எனக்கு அத்துப்படி" என்று எழுதினேன். நண்பர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

நேர்காணலில் அதிகாரி சிரிக்காமல் கேட்டார். "அப்போ உண்மையான விளைச்சலை யார்கிட்ட கேப்பீங்க?"

"யார்கிட்டயும் கேக்க மாட்டேன் சார். வாசல்ல வைக்கோல்போர் எவ்வளவு பெரிசுன்னு பாத்துப்பேன்."

அவர் பேனாவை மூடிவைத்துவிட்டுச் சிரித்தார். வேலை கிடைத்தது.

வீட்டில் நடந்ததை அப்படியே சொன்னேன். அம்மா பாயசம் வைத்தாள். அப்பா எழுந்துபோய், வாசலில் இருந்த போரில் பாதியைப் பிரித்துக் கொல்லைக்கு மாற்றினார்.

என் ஆராய்ச்சியை முதலில் மதித்தவர் அவர்தான்.