சித்தப்பாவுக்கு வண்டி கிடையாது

எனக்கு எட்டு வயதிருக்கும்போது எங்கள் வீட்டுக்கு ஒரு சித்தப்பா வந்து சேர்ந்தார். அப்பாவுக்கு எந்த வழியிலோ தம்பி முறை. ஆலங்குளத்துச் சிமெண்ட் ஆலையில் வேலை என்று சொன்னார். அந்த வேலைக்கு எப்போதுதான் போகிறார் என்று யாரும் கேட்கவில்லை. வரும்போதெல்லாம் காராச்சேவு கொண்டுவருகிறவரிடம் அதையெல்லாம் எப்படிக் கேட்பது? அம்மாவின் தங்கை, என் சித்தி, எங்களோடுதான் இருந்தாள். அவளைப் பெண் கேட்டுத்தான் அவர் வந்துகொண்டிருந்தார். கல்யாணமானாலும் அவர் எனக்குச் சித்தப்பாவாகவே இருப்பார் என்பதில் எனக்கு மிகுந்த திருப்தி.

அவர் முழங்காலுக்குக் கீழே நீளமாக ஒரு தழும்பு இருந்தது. சிறுத்தை கடித்தது என்று என்னிடம் சொன்னார். அப்பாவிடம், வெடி விபத்தில் சிக்கியவர்களைத் தூக்கிவந்தபோது பட்டது என்றார். சித்தியிடம், பஸ்ஸுக்கு அடியில் போகவிருந்த குழந்தையைக் காப்பாற்றிய கதை. மூன்றையும் பக்கத்திலிருந்து கேட்டவள் நான். ஒரே காலுக்கு இத்தனை வீரமா என்று அசந்துபோய்ப் பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்டேன். அதே பெருமையோடு அம்மாவிடமும் மூன்றையும் ஒப்பித்தேன். அம்மா எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் பின்னல் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது.

அம்மாவுக்குச் சாத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வாசல் கேட்டில் சோதனை போடுகிற வேலை. செல்போன், தீப்பெட்டி எதுவும் உள்ளே போய்விடாமல் பெண்களைச் சோதித்து அனுப்ப வேண்டும். பையைத் திறப்பதற்கு முன்னால் அவள் முகத்தைத்தான் பார்ப்பாள். “மறந்து கொண்டாந்தவ மூஞ்சி வெளுத்துரும். வேணும்னே கொண்டாந்தவ, அக்கா சாப்பிட்டீகளான்னு நம்மளையே விசாரிப்பா” என்பாள். சித்தப்பா எங்கள் வீட்டில் எல்லோரையும் சாப்பிட்டாயா என்று விசாரித்தார். நாயைக்கூட விடவில்லை.

தை பிறந்ததும் நிச்சயதார்த்தம் என்று அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். அப்பா யாருக்கும் எதற்கும் இல்லை என்று சொன்னதில்லை. அம்மா சண்டை போடவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “அதுக்கு முன்னாடி அந்த ஆளுக்கு ஒரே ஒரு தடவ இல்லன்னு சொல்லிப் பாப்போம். கேட்டதெல்லாம் கெடைக்கிற வரைக்கும் எல்லாரும் நல்லவகதான்.”

எதற்கு இல்லை என்பது? சித்தப்பா ஞாயிறுதோறும் அப்பாவின் வண்டியை எடுத்துக்கொண்டு போய்ச் சாயங்காலம் பெட்ரோல் இல்லாமல் கொண்டுவந்து விடுவார். ஆகவே வண்டி என்று முடிவாயிற்று. அப்பா ஒரு வாரம் சவரக் கண்ணாடி முன்னால் “இல்லப்பா” என்று சொல்லிப் பழகினார். கண்ணாடியில் தெரிந்தவரிடம்கூடக் குழைந்து குழைந்துதான் சொன்னார்.

ஞாயிறு வந்தது. சித்தப்பாவும் வந்தார், சாவிக்குக் கை நீட்டினார்.

“இல்லன்னு ஒங்க மதினி சொல்லச் சொன்னா” என்றார் அப்பா. சொல்லிவிட்டுக் கோழிக்கறி வாங்கப் பையோடு ஓடியே போய்விட்டார்.

வாசலில் அம்மா, சித்தப்பா, நான். சித்தி தண்ணீர் எடுக்கப் போயிருப்பதாக அம்மா அவரிடம் சொன்னாள். உண்மையில் வாசலை ஒட்டிய அடுப்படி ஜன்னலுக்குக் கீழே ஒரு முறம் நிறையச் சின்ன வெங்காயம் கொடுத்து அவளை உட்கார வைத்திருந்தாள்.

“என்ன மதினி, வெளையாட்டா?” என்று அவர் சிரித்தார்.

“வண்டி இல்ல தம்பி.”

கெஞ்சிப் பார்த்தார். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றார். அம்மா அதே மூன்று வார்த்தையைச் சொன்னாள். குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. நான் சமாதானம் செய்யப் போய் அவர் கையைப் பிடித்தேன். சட்டையில் ஒட்டிய பஞ்சைத் தட்டுவதுபோல என்னைத் தட்டிவிட்டார். அப்புறம் மெதுவாக, சிரித்த முகம் மாறாமலே சொன்னார்.

“ஒங்க தங்கச்சிய கூட்டிட்டுப் போறேன்ல, அதுக்கப்புறம் அவ இந்த வாசப்படிய மிதிக்க மாட்டா. செத்தாலும் ஒங்களுக்குச் சேதி வராது. பாத்துக்கிடுங்க.”

அதற்குள் அப்பா கறிப்பையோடு தெருமுனையில் திரும்பிவிட்டார். அவரைப் பார்த்ததும் சித்தப்பாவின் கண்ணில் குழாயைத் திறந்த மாதிரி தண்ணீர். “அண்ணே, மதினி என்னைய நாயா வெரட்டுறாக.”

சித்தி வெளியே வந்தாள். முகமெல்லாம் நனைந்து மூக்கு ஒழுகியது. சித்தப்பாவுக்குத் தெம்பு வந்துவிட்டது. “பாருங்கண்ணே, எனக்காகப் புள்ள எப்படி அழுவுதுன்னு.”

“இது வெங்காயம்” என்றாள் சித்தி. “நீங்க சொன்னதெல்லாம் கேட்டுட்டுத்தான் இருந்தேன்.”

அப்பா எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வாழ்க்கையிலேயே முதல்முறையாக, கறிப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, “இல்லப்பா” என்றார். ஒரு வாரப் பயிற்சி வீண்போகவில்லை.

சித்தப்பா எங்கள் மூன்று தலைமுறையையும் வைதுவிட்டுப் போனார். அம்மா பதில் பேசவில்லை, எங்களையும் பேசவிடவில்லை. “போன் வந்தா எடுக்காதீக. அழுதாலும் செத்துருவேன்னாலும் ஒரே பேச்சுத்தான், வேண்டாம். காரணம் சொன்னா அதப் பிடிச்சுக்கிட்டு மறுபடி வருவான்.” அதே கம்பெனியில் வேலை பார்த்த சித்தியை வேனில் தன் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டாள். நடந்ததைச் சொந்தக்காரர்களிடம் அவளே முந்திக்கொண்டு சொன்னாள். அப்படியும் பாதிப் பேர் அவளைத்தான் பொல்லாதவள் என்றார்கள்.

நானும் அந்தப் பாதியில்தான் இருந்தேன். வெறும் வண்டிச் சாவிக்காக இவ்வளவு நல்ல மனுஷனை விரட்டுவார்களா? அந்த ஞாயிறு மத்தியானம் கோழிக்குழம்பைத் தொடமாட்டேன் என்று அடம்பிடித்தேன். அம்மா என்னிடம் கெஞ்சவில்லை. போய் வாசல் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். பட்டப்பகலில் எங்கள் வீட்டுக் கதவைச் சாத்தி நான் பார்த்ததே இல்லை. தாழ்ப்பாள் துருப்பிடித்துக் கிடந்தது, விழுந்துவிட்டதா என்று இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். கோபத்தில்தான் இழுக்கிறாள் என்று நினைத்தேன். நான் சித்தப்பா பின்னால் ஓடிவிடாமல் இருக்கத்தான் அடைக்கிறாள் என்றும் நினைத்தேன்.

கதவைச் சாத்திய பிறகும் அவள் அங்கேயே முதுகைச் சாய்த்து நின்றுகொண்டிருந்தாள். நான் அவள் சேலையைப் பிடித்து இழுத்து, கதவைத் திறந்துவிடச் சொல்லி அழுதேன்.