சாய்ந்து படுத்த குடல்

வலக்கை சக்கரத்தைச் சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும், திசு பதித்த மெழுகுக் கட்டி கத்தியின் மேல் ஒரு தடவை இறங்கி ஏறுகிறது. தலைமுடியின் பருமனில் இருபதில் ஒரு பங்கு கனத்தில் ஒரு சீவல் கத்தி முனையில் வந்து உட்கார்கிறது. அடுத்த சீவல் அதன் வாலைப் பிடித்துக்கொள்கிறது. பத்துச் சீவல் சேர்ந்தால் ஒரு நாடா. இடக்கைத் தூரிகை அதைத் தூக்கி, வெதுவெதுப்பான நீர்த்தொட்டியில் சுருக்கமில்லாமல் பரப்புகிறது. கண்ணாடிச் சில்லு நீருக்குள் சாய்வாக இறங்கி, நல்ல இரண்டு சீவல்களை மட்டும் ஏந்திக்கொண்டு வெளியே வருகிறது. இவ்வளவும் முடியும்வரை மூச்சு விடக்கூடாது. விட்டால் நாடா பறந்துபோய்ச் சட்டையில் ஒட்டிக்கொள்ளும். ஒருமுறை யாரோ ஒருவருடைய பித்தப்பை அப்படித்தான் அவளோடு பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விட்டது.

ஆஸ்பத்திரியின் திசு ஆய்வகத்தில் இருபத்தாறு வருடமாக அவளுக்கு இதுதான் வேலை. யாரும் உட்கார வைத்துக் கற்றுக்கொடுக்கவில்லை. தூக்கிப்போட இருந்த பழைய கட்டிகளைச் சீவிச் சீவித் தானே பழகினாள்.

நான்கு வருடத்துக்கு முன் அவளுடைய பெருங்குடலில் அழற்சி வந்து புண்ணானது. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை ஓட்டம். ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். குடல் அடங்கியது, முகம் உப்பியது. ஆய்வகத்தில் ‘பௌர்ணமி’ என்று பெயர் வைத்தார்கள். மாத்திரையைக் குறைத்தால் முகம் தேயும், குடல் சீறும். கூட்டினால் குடல் அடங்கும், முகம் வளரும். கடைசியில் குடல் டாக்டர் கையை விரித்துவிட்டார்.

“அடுத்து எடுக்கப்போற திசு சொல்றதுதான் முடிவு. புண் ஆறியிருந்தா மாத்திரைய மெல்ல நிறுத்திடலாம். இல்லேன்னா பெருங்குடலையே எடுத்துடலாம்.”

பதறினால் நோய் கூடும் என்று அவர் போகிற போக்கில் ஒரு வார்த்தை சொல்லிவைத்தார். அவளுடைய கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். எதையும் பாதியில் விடமாட்டார். அன்றிலிருந்து வீட்டில் கெட்ட செய்திக்கு அனுமதி இல்லை. குளியலறைக் குழாய் உடைந்ததை மூன்று நாள் மறைத்தார்கள். மூன்றாம் நாள் அவளுடைய செருப்பு கூடத்துக்கு மிதந்து வந்து விஷயத்தைச் சொல்லியது.

“ஏங்க, இது என்ன?”

“ஒண்ணுமில்ல. நீ டென்ஷன் ஆகாத. தண்ணி தானாப் போயிடும்.”

ஆய்வகத்தின் தலைமை டாக்டர் அப்போது ஓர் ஆய்வு நடத்திக்கொண்டிருந்தார். ஒன்பது நோயாளிகள், அவளும் ஒருத்தி. காலை எட்டு மணிக்கு எச்சிலைக் குப்பியில் பிடித்துத் தர வேண்டும். பதற்றத்தின்போது உடம்பில் ஏறும் ஹார்மோனை அதில் அளப்பார்கள். அமைதியாக இருக்கும்போது பிடிக்க வேண்டும் என்று குறிப்பில் இருந்தது. கணவரின் தங்கை கடிகாரத்தோடு பக்கத்தில் நின்றாள்.

“அண்ணி, எட்டாக இன்னும் ஒரு நிமிஷம்தான் இருக்கு. நிம்மதியா இருங்க. சீக்கிரம் நிம்மதியா இருங்க அண்ணி!”

எச்சில் வற்றிப்போனது.

ஆய்வு எதைப் பற்றியது என்று தலைமை டாக்டர் ஒருநாள் தேநீர் வேளையில் விளக்கினார். “ஒவ்வொரு செல்லும் தனக்குள்ள பழசாப்போனதைப் பிரிச்சு, அதையே வச்சுப் புதுசு பண்ணிக்கும். அந்த ஹார்மோன் ரொம்ப நாள் ஏறியே இருந்தா, குடல் செல்லுல இந்த வேலை மந்தமாயிடுதோன்னு ஒரு சந்தேகம். அதத்தான் பாக்கறோம்.”

“பழசையெல்லாம் எடுத்து வச்சுக்குமா? நம்ம ஸ்டோர் ரூம் மாதிரியா டாக்டர்?” என்றான் கண்ணாடி. தடித்த கண்ணாடி போட்டிருப்பதால் அவனுக்கு அந்தப் பெயர். பதினோரு வருடமாக அவளோடு வேலை பார்ப்பவன்.

“ஸ்டோர் ரூம் வியாதிப்பா. நான் ஆரோக்கியத்தப் பத்திச் சொல்றேன்.”

“ஸ்டீராய்டும் அந்த ஹார்மோனோட ஜாதிதானே டாக்டர்?” என்று அவள் கேட்டாள்.

“ஆமா. அளவா, கொஞ்ச நாளைக்குக் கொடுத்தா அழற்சிய அடக்கும்.”

“நாலு வருஷமா முழுங்கறேன். திருடனையே காவலுக்கு வச்சு, அவனுக்குச் சாப்பாடும் போட்டுட்டிருக்கேன்னு சொல்லுங்க.”

ஒன்பது பேரின் திசுவும் வந்து சேர்ந்தது, குடல் டாக்டர் எடுத்தனுப்பிய அவளுடையதும் சேர்த்து. ஒவ்வொன்றும் குறுணை அரிசி அளவு. அதை மெழுகில் பதிக்கும்போது விளிம்பில் நிறுத்திப் பதிக்க வேண்டும். அப்போதுதான் சீவலில் குடல் சுவரின் குழிகள் வரிசையாக நிறுத்திவைத்த சோதனைக் குழாய்கள் மாதிரி தெரியும். புண் ஆறியதா, எவ்வளவு ஆழம் என்று சொல்ல முடியும். படுக்கப் போட்டால் வெண்டைக்காய் வில்லைகள்தான் தெரியும். ‘உறுதியாகச் சொல்ல இயலவில்லை’ என்று அறிக்கை வரும்.

தன் திசுவைத் தானே வெட்டக்கூடாது என்பது ஆய்வக விதி. முன்பு ஒருவர் தன் மச்சத்தை நாற்பது சீவல் எடுத்து, அதில் அழகானதைப் பொறுக்கி வைத்ததால் வந்த விதி அது. ஆகவே ஒன்பதையும் கண்ணாடிதான் பதித்தான். வெட்டும் நாளன்று அவனுடைய கை சக்கரத்தில் நிற்கவில்லை.

“உங்க குடல்னு நெனச்சாலே நடுங்குதுக்கா.”

“என் குடலுக்கே அவ்வளவு நடுக்கம் இல்லடா.”

வெட்டுவதற்கு வேறு ஆள் இல்லை. மூன்றாமவள் பிரசவ விடுப்பில் இருந்தாள். தலைமை டாக்டர் ஒரு வழி கண்டுபிடித்தார். கட்டிகளில் இருந்த நோயாளி எண்களின் மேல் பிளாஸ்திரி ஒட்டி, வேறு எழுத்துகள் போட்டு, ஒன்பது கட்டிகளையும் கலைத்து அவளிடமே கொடுத்தார். “எது உங்களுதுன்னு தெரியாத வரைக்கும் விதிமீறல் இல்ல.”

அவள் கட்டிகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். எட்டுத் திசுக்கள் விளிம்பில் நேராக நின்றன. ஒன்று மட்டும் பாய் விரித்துப் படுத்திருந்தது.

ஊரார் குடலுக்கெல்லாம் கண்ணாடியின் கை தப்பாது. தப்பினால் ஒருத்திக்குத்தான் தப்பியிருக்கும்.

அந்த ஒன்றை மட்டும் உருக்கி, நிமிர்த்தி, திரும்பப் பதிக்கக் கால் மணி நேரம் போதும். யாருக்கும் தெரியப்போவதில்லை. விரல் அதன் மேல் போயும்விட்டது. அவள் விரலை எடுத்துக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனாள்.

“டாக்டர், எது என்னுதுன்னு தெரிஞ்சுபோச்சு.”

“மூடித்தானே கொடுத்தேன்?”

“படுத்திருக்கு.”

டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். “மறக்க முடியுமான்னு பாருங்களேன்.”

அரைமணி நேரம் முயன்று பார்த்தாள். மறக்க முயன்றதில் அது எந்த வரிசையில் எத்தனாவதாக இருந்தது என்பதும் மனப்பாடம் ஆகிவிட்டது. கட்டிகள் இருந்த தட்டோடு டாக்டரிடமே திரும்பி வந்தாள்.

“திரும்பவும் குழாய் விட்டுத்தான் எடுக்கணும் போல,” என்றார் டாக்டர்.

“அதுக்கு முன்னாடி நாலு லிட்டர் பேதி மருந்து குடிக்கணும் டாக்டர். நீங்க குடிக்கிறீங்களா?” அவள் தட்டை மேசைமேல் வைத்தாள். “ஒன்பதையும் உருக்கிடறேன். ஒன்பதையும் நானே நிறுத்திப் பதிக்கிறேன். அப்புறம் நீங்க எழுத்த மாத்தி, கலைச்சுக் கொடுங்க.”

“எட்டு நல்லாத்தானே இருக்கு?”

“நல்லா இருக்கறதையும் உருக்கினாத்தான் எனக்குத் தெரியாமப் போகும்.”

வாசலில் நின்ற கண்ணாடிக்கு முகம் வாடியது. “அந்த எட்டும் நான் நிறுத்தினதுக்கா.”

“நல்லாத்தான் நிறுத்தியிருக்க. கோவிச்சுக்காத. உருக்கறதுக்கு மனசு வரல, அவ்வளவு நேர்.”

உருக்கினாள். ஒவ்வொரு குறுணையையும் இடுக்கியால் நிமிர்த்தி, மெழுகு உறைகிற அந்த ஒரு கணம்வரை பிடித்திருந்தாள். டாக்டர் கதவைச் சாத்திக்கொண்டு எழுத்துகளை மாற்றிக் கலைத்தார். திரும்பி வந்த ஒன்பதும் ஒன்பது பேர் வரிசையில் நிற்பதுபோல ஒரே மாதிரி நின்றன.

முதல் கட்டியை வெட்டும்போது இதுதான் என்னுடையது என்று தோன்றியது. மூச்சைப் பிடித்தாள். இரண்டாவதற்கும் அப்படித்தான் தோன்றியது. மூன்றாவதற்கும் நான்காவதற்கும் நடுவில் அவளுடைய குடல், வயிற்றுக்குள் மிச்சம் இருந்த பகுதி, கூப்பிட்டது. போய்விட்டு வந்து, கையைக் கழுவி, கத்தியை மாற்றினாள். ஏழாவதில் நாடா லேசாகக் கிழிந்தது. தூக்கி எறிந்துவிட்டுப் புது நாடா எடுத்தாள். சாதாரண நாளில் அந்தக் கிழிசல் பரவாயில்லை என்று விட்டிருப்பாள்.

கட்டிக்கு இரண்டாகப் பதினெட்டுச் சில்லுகள். ஒன்றில் வழக்கமான ஊதாவும் இளஞ்சிவப்பும். மற்றதில் செல் தன் பழசைப் பிரிக்கிற இடங்களைப் பழுப்புப் புள்ளியாகக் காட்டும் சாயம். உலர்த்தி, துடைத்து, தட்டில் அடுக்கினாள். கண்ணாடி கதவைத் திறந்து பிடித்தான்.

“இப்ப எதுன்னு தெரியுதா?” என்றார் டாக்டர்.

“ஒன்பதுமே என்னுது மாதிரிதான் இருக்கு டாக்டர்.”

“அது விதிமீறலா?” என்று கண்ணாடி கவலையோடு கேட்டான்.

டாக்டர் யோசித்துப் பார்த்தார். விதியில் அதைப் பற்றி ஒன்றும் எழுதியிருக்கவில்லை. நுண்ணோக்கியின் விளக்கைப் போட்டுவிட்டுக் கையை நீட்டினார். அவள் மூச்சைப் பிடித்தபடியே தட்டைக் கொடுத்தாள்.