பளபளவென்று ஒரு போர் விமானம்

பெயிண்ட் உரிந்த ஒரு விமானத்தைச் செய்ய எனக்கு ஒரு கோடையும் அதற்குப் பின் வந்த ஆடி, ஆவணியும் பிடித்தன. அதைப் புதிதாக்க என் மச்சானுக்கு ஒரு காலைப்பொழுது போதுமானதாக இருந்தது.

எண்பதுகளின் கடைசி. ஆவடி சேக்காட்டில் வாடகை வீடு. நான் நகரத்தில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியர். சிங்கப்பூரிலிருந்து வந்த நண்பர் ஒருவர் கொடுத்த அட்டைப்பெட்டிக்குள் அந்த விமானம் சாம்பல் நிறப் பிளாஸ்டிக் துண்டுகளாக இருந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் பறக்கவிட்ட ஒற்றை ஆள் சண்டை விமானம். ஒட்டி முடித்தால் இறக்கையின் நீளம் ஒரு சாணுக்குச் சற்று மேல்.

ஒட்டுவது பெரிய வேலை இல்லை. என் அலுவலகப் படக் கிடங்கில் ஒரு பழைய புகைப்படம் இருந்தது. ஏதோ ஒரு தீவின் ஓடுதளத்தில் கைவிடப்பட்ட அதே ரக விமானம். பெயிண்ட் பாளம் பாளமாக உதிர்ந்து, உள்ளே இருந்த அலுமினியம் தெரிந்தது. போர் முற்றிய காலத்தில் அடிப்பூச்சு இல்லாமல் நேராகத் தகட்டின் மேலேயே பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். மீதியை வெயிலும் உப்புக்காற்றும் பார்த்துக்கொண்டன. தோற்றுக்கொண்டிருக்கும் ஒரு ராணுவம் எப்படி இருக்கும் என்று நான் திருத்திய எந்தச் செய்தியும் அந்த இறக்கை அளவுக்குச் சொன்னதில்லை. எனக்கு அந்த இறக்கை வேண்டும்.

முதலில் முழுக்க வெள்ளி நிறம். அது காய்ந்ததும் தண்ணீர் தொட்டு, பொடித்த கல் உப்பை அங்கங்கே ஒட்டவைத்து, அதன் மேல் கரும்பச்சை. பச்சை காய்ந்தபின் உப்பை விரலால் தேய்த்து உதிர்த்தால், உப்பு இருந்த இடமெல்லாம் வெள்ளி தெரியும், பெயிண்ட் உரிந்த மாதிரியே. முதல் முறை அம்மைத் தழும்பு போல வந்தது. அழித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். விமானி கால் வைத்து ஏறும் இடத்தில் அதிகம் உரிய வேண்டும், இறக்கை நுனியில் குறைவாக. எஞ்சின் புகைக்கு அரிக்கேன் விளக்குக் கண்ணாடியில் படிந்த கரியைச் சுரண்டிப் பஞ்சால் ஒற்றினேன். ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் இதற்கே போயின.

எழும்பூர்ப் பக்கம் இப்படி மாடல் செய்பவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. விஜயதசமிக்கு மறுநாள் கண்காட்சி. செயலாளருக்குப் போன் செய்தேன். "ஆவடியா? அங்கெல்லாம் இது செய்யறாங்களா?" என்றார். வந்து பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். மேஜையில் ஓர் இடம் ஒதுக்கினார். அந்த இடத்தில் என் விமானம் நிற்க வேண்டும், அவர் குனிந்து பார்க்க வேண்டும். அந்த வருடம் நான் வேறெதையும் இவ்வளவு விரும்பவில்லை.

மச்சான் என்பது என் மனைவியின் தம்பி. எங்களோடு தங்கியிருந்தான். திருமழிசையில் ஒரு தொழிற்சாலையில் பம்புகளுக்கு ஸ்பிரே பெயிண்ட் அடிப்பது அவன் வேலை. ஆயுத பூஜை வந்தால் தொழிற்சாலையின் ஸ்பிரே துப்பாக்கி வீட்டுக்கு வரும். போன வருடம் என் சைக்கிளுக்கும் ஜன்னல் கம்பிகளுக்கும் அடித்தான். நன்றாகவே அடித்தான்.

பூஜையன்று காலை நான் அலுவலகம் போய்விட்டேன், அச்சு இயந்திரத்துக்குப் படையல். பொரி பொட்டலத்தோடு மதியம் திரும்பினேன். கூடத்தில் அரிவாள்மனை, சுத்தியல், தையல் மிஷின், சைக்கிள். நடுவில், பலகை போட்டு, என் விமானம். தொழிற்சாலைப் பச்சையில் பளபளத்தது. உரிந்த இடம் ஒன்றுகூட இல்லை. இறக்கையில் ஜப்பானின் அடையாளமான சிவப்பு வட்டங்களை மச்சான் புதிதாகப் போட்டிருந்தான். ஒரு வட்டத்தின் நடுவில் சந்தனம், அதன் மேல் குங்குமம். கற்பூரம் அப்போதுதான் அணைந்திருந்தது.

"இன்னா மாமா, எப்டி கீது? சோப்பு தண்ணி போட்டு கழுவி, எமரி தாள் தேச்சி, அப்பால அடிச்சேன்."

எமரி என்றால் உப்புத்தாள்; அது உரசிய இடத்தில் என் வேலை மிஞ்சியிருக்காது. "முழுசா தேச்சியா?"

"வலது பக்கம் மட்டும்தான். அதுக்குள்ள அக்கா பூஜைக்கு டைமாச்சின்னு கத்த ஆரம்பிச்சிட்சி."

அப்படியானால் இடது இறக்கையில் என் வேலை இன்னும் அடியில் இருந்தது. பலகைக்கு மேல் குனிந்து விரல் வைத்தேன். ஒட்டியது, பெயிண்ட் இன்னும் காயவில்லை. டர்பென்டைன் தொட்டு இப்போதே துடைத்தால் ஒருவேளை மிஞ்சும்.

"கைய வெக்காதீங்க," என்றாள் மனைவி. "பூஜைல வெச்சத நாளைக்குத்தான் எடுக்கணும்."

"நாளைக்குள்ள காஞ்சிடும்."

"காயட்டுமே. அதுக்குத்தான அடிச்சான்?"

"அழுக்கா கீதேன்னுதான் மாமா செஞ்சேன்," என்றான் மச்சான். "குப்பைலேர்ந்து பொறுக்கிகினு வந்தா மாதிரி இருந்திச்சி. நாலு பெரிய மன்சங்க பாக்கற எடம். நம்ம மானம் இன்னா ஆவறது?"

"உரிஞ்ச மாதிரி நான்தான்டா செஞ்சேன்."

"இன்னாத்துக்கு? உரிஞ்ச பீஸ அனுப்பனா எங்க சூப்ரவைசர் என்ன ஊட்டுக்கு அனுப்பிடுவான். நீ இன்னாடான்னா உரிய வெக்கறதுக்கு மாசக்கணக்கா குந்திகினு கீற!" அவன் சிரித்தான். மனைவியும் சிரித்துவிட்டாள்.

அவன் சொன்னது எனக்குப் புரிந்தது. உரிந்த பெயிண்டை மறைப்பதுதான் அவன் பிழைப்பு. புரிந்ததால் கோபம் குறையவில்லை. அத்தனை ஞாயிறுகள் உப்பும் பஞ்சுமாகக் கூடத்து மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தேன். இரண்டு பேரும் என்னைத் தாண்டித்தான் சமையலறைக்குப் போனார்கள். என்ன செய்கிறாய் என்று ஒருவர், ஒரு தடவை, கேட்டிருக்கலாம். கேட்கவேண்டிய விஷயமாகவே அவர்களுக்கு அது தோன்றவில்லை. அதைத்தான் இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை.

விமானத்தைப் பலகையிலிருந்து எடுத்தேன். மனைவி கற்பூரத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்று அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை.

பின்கட்டில் உட்கார்ந்து துணியை டர்பென்டைனில் நனைத்து இடது இறக்கையில் ஒற்றினேன். தொழிற்சாலைப் பச்சை வழித்துக்கொண்டு வந்தது. கீழே என் கரும்பச்சை தெரிந்தது, அதில் வெள்ளித் திட்டுகள், நான் வைத்த இடங்களிலேயே. மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை ஒற்றினேன். இந்த முறை என் பச்சையும் இளகியது. திட்டுகளின் ஓரம் கலங்கி, இரண்டு பச்சையும் ஒன்றாகி, வெள்ளியும் அதில் கரைந்தது. நிறுத்தியபோது இறக்கையில் சேற்று நிறமும் அடியிலிருந்த சாம்பல் பிளாஸ்டிக்கும்தான் இருந்தன.

மச்சான் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். "தின்னர் தரட்டா மாமா? சட்டுனு வந்துரும்."

தின்னர் பட்டால் பிளாஸ்டிக்கே உருகிவிடும். அதுவும் அவனுக்குத் தெரியாது. அவன் கையில் வந்து போனதெல்லாம் இரும்பு.

"வெளிய போடா," என்றேன்.

"நல்லது செய்ய வந்தவன திட்டு," என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். சைக்கிளும் பூஜையில் வைத்ததுதான். அதை யாரும் தடுக்கவில்லை.

சாயங்காலம் மருந்துக்கடைப் போனிலிருந்து செயலாளரைக் கூப்பிட்டு, விமானம் வராது என்றேன்.

"ஆவடிதானே? ஏன், என்ன ஆச்சு?"

"வீட்ல சுத்தம் பண்ணிட்டாங்க."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "அதனால என்ன சார், சுத்தமாவே கொண்டு வாங்களேன்."

ரிசீவரை வைத்தேன். வைத்த வேகத்தில் கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.