இரண்டாம் மதியச் சாப்பாடு

ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்தேன். நிமிர்வதற்குள் மூச்சு வாங்கியது. ஓசூரில் கியர் செய்யும் தொழிற்சாலையில் எனக்கு வேலை. அப்போது வயது நாற்பது, எடை தொண்ணூற்றாறு கிலோ. வயதாகிறது, அவ்வளவுதான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லி ஆறு மாதம் ஓட்டினேன். நீங்கள் அப்படி ஓட்டாதீர்கள்.

பரிசோதனையில் ஃபேட்டி லிவர் (கல்லீரலில் கொழுப்பு சேர்வது) என்று வந்தது. சர்க்கரையும் எல்லை தாண்டியிருந்தது. எடையைக் குறைக்காவிட்டால் கல்லீரல் கெட்டுப்போகும் என்றார் டாக்டரம்மா. பயந்துபோய்க் காலையும் இரவும் பட்டினி கிடந்தேன். நான்கு கிலோ குறைந்தது. பொங்கலுக்குள் ஐந்து கிலோ ஏறியது.

அடுத்த முறை மனைவி மஞ்சுளாவும் உடன் வந்தாள்.

"வீட்ல என்ன சாப்பிடறாரு?" என்று அவளைக் கேட்டார் டாக்டரம்மா.

"மத்தியானம் ஒரு வேளதான் மேடம் வயிறார சாப்புடுவாரு. அதுவும் நான் பாத்துப் பாத்துதான் போடறேன்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணமான புதிதில் மூக்கண்டப்பள்ளியில் ஒற்றை அறையில் இருந்தோம். எனக்கு எப்போதும் காலை ஷிப்ட். பதினொன்றரைக்கே கேன்டீனில் முழுச் சாப்பாடு. முதல் நாள் மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுவிட்டேன் என்றேன். எனக்காகக் காத்திருந்தவளின் முகம் வாடிவிட்டது. நாகரசம்பட்டியில் அவள் பிறந்த வீட்டில் புருஷன் சாப்பிடாமல் பெண்கள் தட்டெடுக்கமாட்டார்கள். மறுநாள், கேன்டீன் சோற்றை வாயில் வைக்க முடியவில்லை என்று புளுகினேன். அந்தப் புளுகு பதினோரு வருடம் ஓடியது.

சும்மா சொல்லக்கூடாது, அவை நல்ல மதியங்கள். களியைப் போட்டுவிட்டு, பக்கத்து வீட்டுக் கன்னடக்காரம்மா குழாயடியில் போட்ட சண்டையை அப்படியே நடித்துக் காட்டுவாள். சிரிப்போடு இன்னொரு உருண்டையும் உள்ளே போகும். அந்த மூன்று மணிக்கு இன்றும் ஏங்குகிறேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது போதும் என்று அன்று டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.  திரும்பும்போது பஸ்ஸில்தான் மஞ்சுளா கேட்டாள்:

"அப்ப எனக்கு வந்த அல்சரு?"

அல்சர் (இரைப்பைப் புண்) அவளுக்கு இரண்டு வருடமாக இருந்தது. வேளைக்குச் சாப்பிடச் சொல்லித்தான் மாத்திரை கொடுத்திருந்தார்கள். நான் வரும்வரை அவளுக்குச் சோறு இறங்காது. நான் வயிறு நிறைய வந்து உட்கார்ந்த அத்தனை நாளும் அவள் காய்ந்து கிடந்திருக்கிறாள். அவ்வளவு கூட்டத்திலும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

மூன்றாம் நாள் சொன்னாள்: "இனிமே பசிச்சா நான் சாப்புட்டுருவேன். நீங்களும் பசிச்சா மட்டும் சாப்புடுங்க."

எத்தனையோ உணவுப் பட்டியல்கள் வந்து போயின. எங்கள் வீட்டில் நிலைத்தது இது ஒன்றுதான். டாக்டரம்மாவைக் கேட்டு, கேன்டீனில் சுண்டலும் வெள்ளரிக்காயும் மட்டும் என்று மாற்றிக்கொண்டேன். சாயங்காலம் இருவரும் ஏரிக்கரை வரை நடக்கிறோம். ஒன்றரை வருடத்தில் பதினாறு கிலோ குறைந்தது. மெதுவாகப் போனதாலோ என்னவோ, திரும்பி வரவில்லை. அவள் புண்ணும் ஆறிவிட்டது. முன்பு தொழிற்சாலைச் சங்கு ஊதினால் சாப்பாட்டு நேரம். இப்போது வயிறு சொன்னால்தான்.

இந்தப் பழக்கம் தொடங்கிய முதல் வாரம். மூன்று மணிக்கு வந்தேன். மஞ்சுளா ஒரு மணிக்கே சாப்பிட்டிருந்தாள். கொள்ளு ரசத்தை ஊற்றிவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். ஒரு வாய் வைத்ததும் கேட்டேன்:

"என்ன இவ்ளோ ருசி? புதுசா என்ன போட்ட?"

"எப்பவும் போடறதுதாங்க" என்றாள்.

பதினோரு வருடத்தில் அன்றுதான் அவளுடைய மூன்று மணிச் சாப்பாட்டைப் பசியோடு சாப்பிட்டேன்.